பர்மாப் போரில் டாங்கிப் படையில் இருந்த உறவினரைத் தேட: பணிப்பதிவேடு முதலிலா, போர் நாட்குறிப்பு முதலிலா?

இரண்டாம் உலகப் போரின்போது பிரிட்டிஷ் டாங்கி ரெஜிமெண்ட் ஒன்றில் சேர்ந்து பர்மாவில் போரிட்ட தாத்தாவைப் பற்றியோ, அவருடைய தம்பியைப் பற்றியோ அறிய முற்படுகிறவருக்கு முக்கியமாக இரண்டு வழிகள் உள்ளன. அந்த மனிதரின் பெயரில் ராணுவம் பேணிய பணிப்பதிவேட்டை வரவழைப்பது ஒரு வழி. அவர் இருந்த ரெஜிமெண்ட் நாள்தோறும் எழுதிவைத்த போர் நாட்குறிப்பைத் தேடிப் படிப்பது இன்னொரு வழி. இவற்றுக்குத் துணையாக ரெஜிமெண்ட் அருங்காட்சியகங்கள், போர்க் கல்லறை ஆணையத்தின் பதிவுகள், வீரவிருதுப் பரிந்துரைகள், கட்டணம் கொடுத்து ஆய்வாளரை அமர்த்துவது என்று கிளை வழிகளும் இருக்கின்றன. சென்னையிலோ பெங்களூரிலோ இருக்கும் ஆங்கிலோ-இந்தியக் குடும்பங்களுக்கும், பிரிட்டனில் மணவழி உறவு ஏற்பட்டுள்ள தமிழ்க் குடும்பங்களுக்கும் இந்தக் கேள்வி இப்போது அடிக்கடி எழுகிறது. போரை நேரில் கண்டவர்கள் பெரும்பாலும் மறைந்துவிட்டார்கள். பேரப்பிள்ளைகள் கையில் மிஞ்சியிருப்பவை ஒரு புகைப்படமும் நான்கு பதக்கங்களும்தான்.

எல்லா வழிகளையும் ஒரே நேரத்தில் தொடங்கிவிடலாம் என்று தோன்றும். அப்படித் தொடங்குகிறவர்களில் பலர், சம்பந்தமே இல்லாத ஒரு ரெஜிமெண்டின் நாட்குறிப்பைப் பணம் கொடுத்து வாங்கிப் படித்துவிட்டு, அதில் தாத்தாவின் பெயர் இல்லையே என்று சோர்ந்துபோகிறார்கள். நாட்குறிப்பைத் தேடும் முன் ரெஜிமெண்ட் எது என்பது தெரிந்தாக வேண்டும். அது வீட்டிலேயே தெரியவருமா, தெரியவராதா என்பதைப் பொறுத்தே முதல் செலவு எதற்கு என்று முடிவு செய்ய வேண்டும் என்பது என் கருத்து.

“பர்மாவில் டாங்கியில் இருந்தார்” என்ற ஒரே வாக்கியத்துக்குள் ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத இரண்டு போர்கள் அடங்கியிருக்கின்றன. முதலாவது 1942ஆம் ஆண்டின் பின்வாங்கல். அந்த ஆண்டு பிப்ரவரி 21 அன்று 7ஆவது கவசப் பிரிகேட் ரங்கூன் துறைமுகத்தில் இறங்கியது. அதில் 7ஆவது குவீன்ஸ் ஓன் ஹுஸ்ஸார்ஸ், 2ஆவது ராயல் டாங்க் ரெஜிமெண்ட் என்ற இரண்டு டாங்கி ரெஜிமெண்டுகள் இருந்தன. வட ஆப்பிரிக்கப் பாலைவனத்தில் போரிட்டுவிட்டு வந்த அவர்களிடம் இருந்தவை அமெரிக்கத் தயாரிப்பான ஸ்டூவர்ட் இலகு டாங்கிகள். அவர்கள் வந்த இரண்டாம் நாளே சிட்டாங் பாலம் தகர்க்கப்பட்டது. மார்ச் 7 அன்று ரங்கூன் கைவிடப்பட்டது. பெகுவிலும் புரோமுக்கு அருகிலும் ஏனாங்யாவுங் எண்ணெய் வயலிலும் பின்வாங்கிக்கொண்டே போரிட்டவர்கள், மே மாதத்தில் சிந்த்வின் ஆற்றங்கரையை அடைந்தபோது டாங்கிகளைக் கடத்த வழியில்லாமல் தங்கள் கையாலேயே அவற்றை அழித்துவிட்டு இந்திய எல்லையை நோக்கிச் சென்றார்கள். ஒரே ஒரு ஸ்டூவர்ட் மட்டும் ஆற்றைக் கடந்தது. பின்னாளில் அது இந்தியப் படையின் 7ஆவது லைட் கேவல்ரியிடம் சேர்ந்து, மேல்கூண்டு கழற்றப்பட்ட நிலையில் மீண்டும் பர்மாவுக்குள் சென்றது.

இரண்டாவது, 1943 முதல் 1945 வரை நடந்த திரும்புதல். அதில் ஈடுபட்ட பிரிட்டிஷ் ரெஜிமெண்டுகள் வேறு. 1943 பிப்ரவரியில் அரக்கான் கரையில் டோன்பைக்கில் 8 வாலண்டைன் டாங்கிகளோடு இறங்கி அடிபட்டவர்கள் 146ஆவது ராயல் ஆர்மர்ட் கோர் (பிரிட்டிஷ் கவசப் படை) ரெஜிமெண்டைச் சேர்ந்தவர்கள். 1944 பிப்ரவரியில் சின்ஸ்வேயாவில், ‘அட்மின் பாக்ஸ்’ என்று பெயர் பெற்ற முற்றுகையில், லீ டாங்கிகளோடு நின்றது 25ஆவது டிராகூன்ஸ். இம்பால் சமவெளியில் 3ஆவது காரபினியர்ஸ். கொஹிமாவில் 149ஆவது ராயல் ஆர்மர்ட் கோர். மாண்டலேயை நோக்கிய முன்னேற்றத்தில் 150ஆவது. 1945இல் மெய்க்டிலாவிலும் அங்கிருந்து ரங்கூன் நோக்கிய நெடுஞ்சாலையிலும் ஷெர்மன் டாங்கிகளோடு 116ஆவது. ஒருவர் ஒரு ரெஜிமெண்டில் இருந்தார் என்றால் மற்ற ரெஜிமெண்டுகளின் கதையில் அவருக்கு இடமில்லை. ஆகவே ரெஜிமெண்ட் தெரியாமல் நாட்குறிப்பைத் தேடுவது வீண் வேலை.

ரெஜிமெண்டைக் கண்டுபிடிக்க வீட்டில் இருக்கும் பொருள்களே பல நேரங்களில் போதும். முதலில் பதக்கங்களைப் பாருங்கள். பிரிட்டிஷ் ராணுவத்தினருக்கு அந்தப் போருக்காக வழங்கப்பட்ட நட்சத்திரப் பதக்கங்களில் பெயர் பொறிக்கப்படவில்லை. இந்தியப் படையினருக்கு வழங்கப்பட்டவற்றில் பொறிக்கப்பட்டது. எனவே பதக்கத்தைத் திருப்பிப் பார்த்துப் பெயரைத் தேடுவதில் பயனில்லை. எந்தெந்தப் பதக்கங்கள் சேர்ந்து இருக்கின்றன என்பதுதான் செய்தி. பர்மா ஸ்டாரோடு ஆப்பிரிக்கா ஸ்டாரும் இத்தாலி ஸ்டாரும் ஒரே நாடாவரிசையில் இருந்தால், 7ஆவது ஹுஸ்ஸார்ஸ் அல்லது 2ஆவது ராயல் டாங்க் ரெஜிமெண்ட் என்று ஊகிக்க நல்ல காரணம் உண்டு. பாலைவனத்திலிருந்து பர்மாவுக்கு வந்து, அங்கிருந்து ஈராக் வழியாக 1944இல் இத்தாலிக்குப் போன டாங்கி ரெஜிமெண்டுகள் அவை இரண்டுதான். ஆப்பிரிக்கா ஸ்டார் இல்லாமல் பர்மா ஸ்டார் மட்டும் இருந்தால் பெரும்பாலும் 1943க்குப் பிந்தைய ரெஜிமெண்டுகளைத்தான் நினைக்க வேண்டும்.

அடுத்தது ராணுவ எண். சம்பளப் புத்தகத்திலும், போர் முடிந்து விடுவிக்கப்பட்டபோது கொடுத்த விடுவிப்புப் புத்தகத்திலும், கழுத்தில் அணிந்த அடையாள வில்லையிலும், கடிதங்களின் முகவரி வரியிலும் இது இருக்கும். அந்தக் காலத்தில் ஒவ்வொரு படைப்பிரிவுக்கும் தனித்தனி எண் வரிசை ஒதுக்கப்பட்டிருந்தது. சிப்பாய் பின்னர் வேறு பிரிவுக்கு மாற்றப்பட்டாலும் எண் மாறவில்லை. ராயல் டாங்க் கோர் வரிசை 7868001இல் தொடங்குகிறது. அதைத் தொடர்ந்து 7891869 முதல் ராயல் ஆர்மர்ட் கோர் வரிசை. ஆகவே 78 அல்லது 79 என்று தொடங்கும் ஏழு இலக்க எண், நேரடியாக டாங்கிப் படையில் சேர்ந்தவருடையதாக இருக்கலாம்.

ஆனால் 146, 149, 150, 116 ஆகிய ரெஜிமெண்டுகள் தொடக்கத்தில் டாங்கிப் படைகளே அல்ல. காலாட்படைப் பட்டாலியன்களைப் போர்க்காலத்தில் அப்படியே டாங்கி ரெஜிமெண்டுகளாக மாற்றினார்கள். 146 முன்பு டியூக் ஆஃப் வெலிங்டன்ஸ் ரெஜிமெண்டின் 9ஆவது பட்டாலியன். 149 கிங்ஸ் ஓன் யார்க்‌ஷயர் லைட் இன்ஃபன்ட்ரியின் 7ஆவது. 150 யார்க் அண்ட் லங்காஸ்டரின் 10ஆவது. 116 கார்டன் ஹைலாண்டர்ஸின் 9ஆவது. இவர்களில் தொடக்கத்திலேயே சேர்ந்தவர்களின் எண்கள் காலாட்படை வரிசையில் இருக்கும்: கார்டன் ஹைலாண்டர்ஸ் 2865001 முதல், டியூக் ஆஃப் வெலிங்டன்ஸ் 4601001 முதல், யார்க் அண்ட் லங்காஸ்டர் 4736001 முதல். ‘டாங்கியில் இருந்தார் என்கிறார்கள், எண்ணோ காலாட்படை எண்ணாக இருக்கிறதே’ என்று குழம்பி, குடும்பக் கதையே பொய் என்று ஒதுக்கிவிடுகிறவர்கள் உண்டு. உண்மையில் அந்த முரண்பாடுதான் ரெஜிமெண்டைக் காட்டிக்கொடுக்கும் சான்று. 1942 நடுப்பகுதிக்குப் பிறகு சேர்ந்தவர்கள் ‘ஜெனரல் சர்வீஸ் கோர்’ என்ற பொதுப்பணிப் படை வழியாக ராணுவத்தில் எடுக்கப்பட்டார்கள். அவர்களுக்கு 142 என்று தொடங்கும் எட்டு இலக்க எண்களும் அவற்றைத் தொடர்ந்தவையும் கிடைத்தன. அந்த எண்ணிலிருந்து ரெஜிமெண்டைப் பற்றி ஒன்றும் தெரியாது.

எண் வேறொரு தவறையும் பிடித்துத் தரும். எனக்குத் தெரிந்த ஒரு குடும்பத்தில் ‘டாங்க் ரெஜிமெண்ட்’ என்று மூன்று தலைமுறையாகச் சொல்லிவந்தார்கள். சம்பளப் புத்தகத்து எண் பத்து லட்சத்துக்குச் சற்று மேல் இருந்தது. 721001க்கும் 1842000க்கும் இடைப்பட்டவை ராயல் ஆர்ட்டிலரி எண்கள். அவர் டாங்கி எதிர்ப்புப் பீரங்கிப் படையில் இருந்தவர். வாய்மொழியில் ‘எதிர்ப்பு’ உதிர்ந்துவிட்டது. டாங்கிகளைப் பழுதுபார்த்த மெக்கானிக்குகளும் இப்படித்தான் டாங்கிப் படையினர் ஆகிவிடுகிறார்கள். அவர்கள் 1942 அக்டோபரில் உருவான ராயல் எலக்ட்ரிக்கல் அண்ட் மெக்கானிக்கல் என்ஜினியர்ஸ் பிரிவைச் சேர்ந்தவர்கள், அவர்களுடைய ஆவணங்களும் தனி.

புகைப்படம் இருந்தால் தொப்பியை உருப்பெருக்கிக் கண்ணாடி வைத்துப் பார்ப்பது நல்லது. டாங்கிப் படையினரின் தொப்பி கறுப்புப் பெரே. காலாட்படையிலிருந்து மாற்றப்பட்ட ரெஜிமெண்டுகள் அந்தக் கறுப்புத் தொப்பியில் தங்கள் பழைய காலாட்படைச் சின்னத்தையே அணிந்தார்கள். கறுப்புப் பெரேயில் கலைமான் தலை தெரிந்தால் அவர் கார்டன் ஹைலாண்டர்ஸ் வழிவந்த 116ஐச் சேர்ந்தவராக இருக்கக்கூடும். பின்னணியில் டாங்கி நின்றால் இன்னும் வசதி. உடலின் வலப்புறத்தில் ஒரு பெரிய பீரங்கியும் மேல்கூண்டில் ஒரு சிறிய பீரங்கியுமாக இரண்டு குழல் தெரிந்தால் அது லீ. பர்மாவுக்குள் எடுத்த படத்தில் பிரிட்டிஷ் சிப்பாய்கள் ஷெர்மனோடு நின்றால் 116ஐ முதலில் சோதித்துப் பார்க்கலாம்; மற்ற ஷெர்மன் ரெஜிமெண்டுகளான புரோபின்ஸ் ஹார்ஸ், டெக்கான் ஹார்ஸ், 19ஆவது லான்சர்ஸ் ஆகியவை இந்தியப் படையைச் சேர்ந்தவை.

இவ்வளவும் பார்த்த பிறகும் ரெஜிமெண்ட் தெரியவில்லையென்றால் பணிப்பதிவேட்டுக்கு விண்ணப்பிப்பதைத் தவிர வேறு வழியில்லை. தெரிந்துவிட்டால் தேர்வுக்கு இடம் உண்டு.

பணிப்பதிவேடுகள் நீண்டகாலம் பிரிட்டிஷ் பாதுகாப்பு அமைச்சகத்தின் பொறுப்பில் இருந்தன. 2022 முதல் அவற்றை லண்டனின் கியூ பகுதியில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்துக்கு மாற்றிவருகிறார்கள். மொத்தம் ஏறக்குறைய 97 லட்சம் பதிவேடுகள் என்பதால் மாற்றம் கட்டங்கட்டமாக நடக்கிறது. விண்ணப்பிக்கும்போது உங்கள் உறவினரின் பதிவேடு எந்த அலுவலகத்தில் இருக்கிறது என்று முதலில் பார்த்துக்கொள்ள வேண்டும். முழுப் பெயர், பிறந்த தேதி, ராணுவ எண் மூன்றும் கையில் இருந்தால் வேலை எளிது. 115 ஆண்டுகளுக்குள் பிறந்தவராக இருந்தால் இறப்புச் சான்றிதழும் தேவைப்படும். நம் ஊரில் இறந்தவர்களின் சான்றிதழில் பெயரின் எழுத்துக்கூட்டல் ராணுவப் பதிவிலிருந்து மாறியிருப்பது சாதாரணம். திருமணப் பதிவு, திருமுழுக்குச் சான்று போன்றவற்றின் நகலையும் சேர்த்து அனுப்பினால் கேள்வி திரும்பி வருவதைத் தவிர்க்கலாம். பதில் வர மாதக்கணக்கில் ஆகலாம்.

கிடைப்பது என்ன என்பதில்தான் எதிர்பார்ப்புக்கும் உண்மைக்கும் இடைவெளி அதிகம். பதிவேட்டில் சேர்ந்த நாள், பயிற்சி, தொழில் தகுதித் தேர்வு, கப்பலேறிய நாள், இறங்கிய நாள், ரெஜிமெண்ட் மாற்றம், மருத்துவமனையில் சேர்ந்ததும் திரும்பியதும், பதவி உயர்வு, தண்டனை, விடுவிப்பு ஆகியவை வரி வரியாகச் சொற்சுருக்கங்களில் இருக்கும். டாங்கியை ஓட்டியவரா, பீரங்கியாளரா, வயர்லெஸ் பார்த்தவரா என்பதைத் தொழில் தகுதிப் பதிவே சொல்லிவிடும். குடும்பத்துக்கு இது மிகவும் நெருக்கமான தகவல். மலேரியாவுக்கும் வயிற்றுக்கடுப்புக்கும் மருத்துவமனை சென்ற தேதிகள் பர்மாப் பதிவேடுகளில் மலிந்து கிடக்கும். போர்க்களத்தில் அவர் இருந்தாரென்று குடும்பம் நம்பும் நாளில் அவர் அஸ்ஸாமில் காய்ச்சலோடு படுக்கையில் இருந்திருக்கலாம். ஆனால் ஒரு சண்டையைப் பற்றிக்கூட அதில் ஒரு சொல் இராது. ரெஜிமெண்டின் உட்பிரிவான ஸ்குவாட்ரன் எது என்பதும் பெரும்பாலும் இராது. ரெஜிமெண்டின் ஸ்குவாட்ரன்கள் வெவ்வேறு காலாட்படைப் பிரிவுகளோடு பல மைல் இடைவெளியில் போரிட்ட பர்மாவில், இந்தக் குறை சிறியதல்ல.

போர் நாட்குறிப்பு இதற்கு நேர் எதிரானது. தென்கிழக்கு ஆசியப் போர்முனையின் நாட்குறிப்புகள் கியூ ஆவணக் காப்பகத்தில் ‘டபிள்யூ.ஓ. 172’ என்ற தொகுதியில் இருக்கின்றன. பிரிட்டிஷ் ரெஜிமெண்டுகளோடு சேர்ந்து போரிட்ட இந்தியப் படைப்பிரிவுகளின் நாட்குறிப்புகளும் அதே தொகுதியில் இருப்பது பர்மா ஆய்வாளருக்கு வாய்த்த அதிர்ஷ்டம். 7ஆவது ஹுஸ்ஸார்ஸும் 2ஆவது ராயல் டாங்க் ரெஜிமெண்டும் பர்மாவுக்கு வருமுன் இருந்த மத்தியகிழக்குக் காலத்துக்கு ‘டபிள்யூ.ஓ. 169’ தொகுதியைப் பார்க்க வேண்டும். இவற்றில் பெரும்பகுதி இணையத்தில் ஏற்றப்படவில்லை. இடம், நாள், நேரம், நிகழ்ச்சிச் சுருக்கம் என்று கட்டம் போட்ட அச்சுப் படிவத்தில், தட்டச்சிலோ பென்சிலிலோ, மாதம் ஒரு கட்டாக இருக்கும். ஒவ்வொரு மாத முடிவிலும் இணைப்புகள் இருக்கலாம்: கட்டளைகள், வரைபடங்கள், அதிகாரிகளின் வாரப் பட்டியல், சேதக் கணக்கு.

இதன் பலமும் பலவீனமும் ஒரே நாளை எடுத்துப் பார்த்தால் விளங்கும். 1944 ஏப்ரல் 13 அன்று 3ஆவது காரபினியர்ஸின் ‘பி’ ஸ்குவாட்ரன், 17ஆவது டோக்ரா ரெஜிமெண்டின் முதல் பட்டாலியனோடு சேர்ந்து, இம்பால் சமவெளிக்கு மேலே ஏறக்குறைய ஆயிரம் அடி உயர்ந்து நிற்கும் நுங்ஷிகும் மலைமுகட்டில் டாங்கிகளை ஏற்றியது. பாதை ஒரு டாங்கியின் அகலமே இருந்தது. சக்கரப்பட்டை எங்கே பதிகிறது என்று பார்க்க டாங்கித் தலைவர்கள் மூடியைத் திறந்து தலையை வெளியே நீட்ட வேண்டியிருந்தது. அப்படி நீட்டியவர்கள் சுடப்பட்டார்கள். ஸ்குவாட்ரனின் அதிகாரிகள் அனைவரும் கொல்லப்பட்டோ காயப்பட்டோ விழுந்தபின், ஸ்குவாட்ரன் சார்ஜன்ட் மேஜர் கிராடாக் பொறுப்பேற்று மலையைக் கைப்பற்றும்வரை நடத்தினார். அந்த ரெஜிமெண்டின் வழிவந்த ராயல் ஸ்காட்ஸ் டிராகூன் கார்ட்ஸில் இன்றும் நுங்ஷிகும் நாளன்று ‘பி’ ஸ்குவாட்ரனை அதிகாரிகள் விலகிநிற்க சார்ஜன்ட் மேஜரே நடத்துகிறார். அன்று அந்த மலையில் உங்கள் தாத்தா ஒரு டாங்கியின் ஓட்டுநராக உள்ளே உட்கார்ந்திருந்தால், அந்த நாளைப் பற்றிப் பணிப்பதிவேடு மௌனமாக இருக்கும்; நாட்குறிப்போ நாளைச் சொல்லும், அவரைச் சொல்லாது. அதிகாரிகளைப் பெயரிட்டுக் குறிப்பதும், மற்றவர்களை ‘மற்ற நிலையினர் இத்தனை பேர்’ என்று எண்ணிக்கையாக மட்டும் எழுதுவதும் நாட்குறிப்புகளின் பொது வழக்கம்.

ஆகவே உறவினர் அதிகாரியாக இருந்தால் நாட்குறிப்பை முதலில் எடுப்பதே லாபம். பெயர் அதில் பல இடங்களில் வரும், ஸ்குவாட்ரனும் தெரிந்துவிடும். சாதாரண சிப்பாயாக இருந்தால், ரெஜிமெண்ட் தெரிந்திருந்தாலும், பணிப்பதிவேட்டுக்கே முதலில் விண்ணப்பிக்கச் சொல்வேன். எந்தத் தேதியில் ரெஜிமெண்டில் சேர்ந்தார், எந்தத் தேதியில் மருத்துவமனைக்குப் போனார் என்று தெரிந்த பிறகு நாட்குறிப்பைப் படிப்பதற்கும், தெரியாமல் படிப்பதற்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வேறுபாடு. பதிவேடு வரும்வரை கையைக் கட்டிக்கொண்டிருக்கத் தேவையில்லை. அந்த மாதங்களில் இலவசமாகக் கிடைப்பவற்றைப் பார்த்து முடிக்கலாம்.

போரில் இறந்தவராக இருந்தால் இந்த வரிசை முழுவதும் மாறிவிடும். காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் இணையப் பதிவில் பெயரைத் தேடினால் எண், ரெஜிமெண்ட், இறந்த நாள், கல்லறை அல்லது நினைவுத்தூணின் இடம் ஆகிய நான்கும் செலவின்றிக் கிடைக்கும். யாங்கூனுக்கு வடக்கே டாக்கியான் போர்க் கல்லறைத் தோட்டத்தில் 6,374 பேர் புதைக்கப்பட்டுள்ளார்கள். அக்யாப், மாண்டலே, மெய்க்டிலா, சாமாவ் ஆகிய இடங்களில் இருந்த போர்முனைக் கல்லறைகள் பிற்காலத்தில் அங்கே கொண்டுவரப்பட்டன. கல்லறையே அறியப்படாத ஏறக்குறைய 27,000 பேரின் பெயர்கள் அதே தோட்டத்தில் நிற்கும் ரங்கூன் நினைவகத் தூண்களில் இருக்கின்றன. கல்லறை இருக்கும் இடத்தை அவர் இறந்த இடம் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. காயப்பட்டவர்களை விமானத்திலும் ரயிலிலும் பின்னால் அனுப்பினார்கள். அதனால் சிலர் கொமில்லாவை அடுத்த மைனாமதியிலும், சிலர் குவாஹாத்தியிலும் அடக்கமாகியிருக்கிறார்கள். இறந்த நாள் தெரிந்துவிட்டால் நாட்குறிப்பில் அந்த வாரத்தை மட்டும் வாங்கினால் போதும். பணிப்பதிவேடு இரண்டாம் இடத்துக்குப் போகிறது.

1942இல் சிறைப்பட்டவர்கள் ரங்கூன் சிறையில் வைக்கப்பட்டார்கள். நடக்க முடிந்தவர்களை 1945 ஏப்ரல் இறுதியில் ஜப்பானியர் பெகுவை நோக்கி நடத்திச் சென்று வழியிலேயே விட்டுவிட்டுப் போனார்கள். இத்தகையவர்களுக்கு ‘டபிள்யூ.ஓ. 345’ தொகுதியில் உள்ள ஜப்பானியச் சிறைக் கைதி அட்டைகளும், விடுதலையானபின் அவர்களே நிரப்பிக் கொடுத்த ‘டபிள்யூ.ஓ. 344’ வினாத்தாள்களும் உண்டு. அந்த வினாத்தாள் கிடைத்தால் அதற்கு ஈடு இல்லை. தேடுகிற குடும்பத்துக்கு அவருடைய கையெழுத்தே வந்து சேருகிறது.

வீரவிருது பெற்றவருக்கு ‘டபிள்யூ.ஓ. 373’. பரிந்துரைத் தாளில் நாள், இடம், செய்த காரியம் மூன்றும் பெயரோடு எழுதப்பட்டிருக்கும். பெயரைக் கொண்டு இணையத்தில் தேடலாம், படியைச் சிறு கட்டணத்தில் இறக்கிக்கொள்ளலாம். விருது என்பது குடும்பத்தில் நால்வர் சேர்ந்து மிகைப்படுத்திய சாதாரணப் பதக்கமாகவும் இருக்கலாம் என்பதால், பிரிட்டிஷ் அரசிதழான லண்டன் கெஜட்டில் பெயர் வந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் பணம் கட்டுவது நல்லது.

அருங்காட்சியகங்களைப் பொறுத்தவரை, எதற்கு எழுதுவது என்பது ரெஜிமெண்டைப் பொறுத்தது. இதில் பலர் தவறான கதவைத் தட்டுகிறார்கள். டாங்கி என்றதும் டார்செட்டில் உள்ள பாவிங்டன் டாங்கி அருங்காட்சியகத்துக்கு எழுதிவிடுவார்கள். 2ஆவது ராயல் டாங்க் ரெஜிமெண்டுக்கு அது சரியான இடம். 7ஆவது ஹுஸ்ஸார்ஸுக்கு வாரிக் நகரில் உள்ள குவீன்ஸ் ராயல் ஹுஸ்ஸார்ஸ் அருங்காட்சியகம். 3ஆவது காரபினியர்ஸுக்கு எடின்பரோ கோட்டையும் செஸ்டரும். மாற்றப்பட்ட காலாட்படை ரெஜிமெண்டுகளின் படங்களும் தாள்களும் தேடிப்போக வேண்டிய இடம் பழைய காலாட்படை அருங்காட்சியகங்கள்தான்: 116க்கு அபர்டீன், 146க்கு ஹாலிஃபாக்ஸ், 150க்கு ராதர்ஹாம். மிகவும் சிரமப்படுகிறவர்கள் 25ஆவது டிராகூன்ஸின் குடும்பங்கள். 1941இல் இந்தியாவிலேயே தொடங்கப்பட்டு, போர் முடிந்து சிறிது காலத்தில் கலைக்கப்பட்ட அந்த ரெஜிமெண்டுக்கு வாரிசு இல்லை. அதன் கருவாக அனுப்பப்பட்டவர்கள் 3ஆவது காரபினியர்ஸைச் சேர்ந்தவர்கள் என்பதால் காரபினியர்ஸ் பக்கம் கேட்டுப் பார்க்கலாம், அதற்குமேல் நாட்குறிப்பையே நம்ப வேண்டும். அருங்காட்சியகங்கள் தனிநபர் பதிவேடுகளை வைத்திருப்பதில்லை. அவர்களிடம் கேட்க வேண்டியவை புகைப்படங்களும் ரெஜிமெண்ட் இதழ்களும்தான். “என் தாத்தாவைப் பற்றி என்ன இருக்கிறது” என்று எழுதினால் மரியாதையான இல்லை என்ற பதில் வரும், “1944 ஏப்ரலில் ‘பி’ ஸ்குவாட்ரன் படங்கள் உண்டா” என்று எழுதினால் தேடிப் பார்ப்பார்கள். லண்டன் இம்பீரியல் போர் அருங்காட்சியகத்தின் ஒலிப்பதிவு நேர்காணல்கள் பல இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. அதே ரெஜிமெண்டைச் சேர்ந்த வேறொருவரின் குரலைக் கேட்பது, பதிவேட்டுக்காகக் காத்திருக்கும் மாதங்களுக்கு ஏற்ற வேலை.

உறவினர் இருந்தது பிரிட்டிஷ் ரெஜிமெண்ட் அல்ல, இந்தியக் குதிரைப்படை வழிவந்த டாங்கி ரெஜிமெண்ட் என்று தெரியவந்தால் மேலே சொன்ன பணிப்பதிவேட்டு வழி மூடிக்கொள்கிறது. அந்தப் பதிவேடுகள் பிரிட்டனில் இல்லை. பிரிவினைக்குப் பின் இந்தியாவில் நின்ற ரெஜிமெண்டுகளுக்கு அகமத்நகரில் உள்ள கவசப்படைப் பதிவு அலுவலகத்தைத்தான் அணுக வேண்டும். சென்னை ராஜதானிப் படையில் பிறந்த 16ஆவது லைட் கேவல்ரியும் இதில் அடக்கம். 1945இல் கவசக் கார்களோடு பர்மாவில் இருந்த அதற்கு அப்போது தலைமை தாங்கியவர் பின்னாளில் இந்தியத் தரைப்படைத் தளபதியான ஜே.என். சவுத்ரி. இந்திய ரெஜிமெண்டில் இருந்த பிரிட்டிஷ் அதிகாரியானால் லண்டன் பிரிட்டிஷ் நூலகத்தில் உள்ள இந்தியா ஆபீஸ் ஆவணங்களில் தேட வேண்டும்.

கடைசியாக, கியூவுக்கு நேரில் போவதா, படியெடுத்து அனுப்பச் சொல்வதா, ஆய்வாளரை அமர்த்துவதா என்ற கேள்வி. லண்டனில் உறவினர் இருந்தால் நேரில் போவதற்கு இணை இல்லை. அடையாளச் சான்றுகளைக் காட்டி வாசகர் அட்டை பெற்றுக்கொண்டால், கோப்புகளைச் சொந்தக் கேமராவிலோ கைப்பேசியிலோ கட்டணமின்றிப் படமெடுத்துக்கொள்ளலாம். ஓர் ஆண்டு நாட்குறிப்பை ஒரே நாளில் எடுத்துவிடலாம். காப்பகத்தையே படியெடுத்து அனுப்பச் சொன்னால், பக்கங்களைப் பார்த்து மதிப்பீடு சொல்வதற்கே ஒரு கட்டணம், பின் பக்கத்துக்கு இவ்வளவு என்று மற்றொரு கட்டணம். நாட்குறிப்பு போன்ற தடித்த கட்டுகளுக்கு இது கட்டுப்படியாகாது, ஒற்றைத் தாளுக்குத்தான் பொருந்தும். சென்னையிலிருந்தோ டொராண்டோவிலிருந்தோ தேடுகிறவருக்குத் தனி ஆய்வாளரே சிக்கனம். காப்பகமே அத்தகையவர்களின் பட்டியலை வெளியிடுகிறது. மணிக்கணக்கிலோ கோப்புக் கணக்கிலோ பணம் கேட்பார்கள். கோப்புக் கணக்கில் பேசிக்கொள்ளுங்கள்.

அவரிடம் “3ஆவது காரபினியர்ஸ் நாட்குறிப்பு” என்று மட்டும் எழுதிக் கொடுக்காமல், ஆண்டைக் குறிப்பிட்டு, இணைப்புகள் உட்பட ஒவ்வொரு பக்கத்தையும் படமெடுக்கும்படி எழுதிக் கேட்க வேண்டும். அவசரத்தில் முதன்மைப் பக்கங்களை மட்டும் எடுத்துவிட்டு இணைப்புகளை விட்டுவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். சேதப் பட்டியல் வைக்கப்பட்டிருந்தால், சாதாரணச் சிப்பாயின் பெயர் அகப்பட வாய்ப்புள்ள இடம் அதுதான். அதே மாதத்துக்கு உடன்போரிட்ட காலாட்படைப் பட்டாலியனின் நாட்குறிப்பையும் சேர்த்து எடுக்கச் சொன்னால், நுங்ஷிகுமுக்கு டோக்ராக்களின் பக்கத்தைப் போல, டாங்கிக்குள் இருந்தவர்கள் எழுத மறந்ததை வெளியே நடந்து வந்தவர்கள் எழுதியிருக்கிறார்களா என்றும் பார்த்துவிடலாம்.